க்ராவுக்கு வைத்த எண்ணெய்

செம்பனை எண்ணெய் என்ன நிறம் என்று எங்கள் ஊர் ஒடுமாசேயில் கேட்டால், காய்ச்சுகிறவர்கள் ஒன்று சொல்வார்கள், விற்கிறவர்கள் ஒன்று சொல்வார்கள். காய்ச்சுகிறவர்களுக்கு அது பழத்தைப் பொறுத்தது. நல்ல பழமாக இருந்து அடுப்பும் ஒழுங்காக எரிந்தால் ஆரஞ்சு. மழையில் நனைந்து கிடந்த குலையென்றால் மங்கிய பழுப்பு. விற்கிறவர்களுக்கு ஒரே நிறம்தான், ரத்தச் சிவப்பு. தலைநகர் அக்ராவிலிருந்து மஞ்சள் கேன்களை அடுக்கிக்கொண்டு வருகிற லாரிக்காரர்களும் அந்த நிறத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்டு வாங்கித் தின்று என்னவோ ஆகட்டும். என் கோபம் அவர்கள் மேல் இல்லை.

நான் மான்சா. லாரி நிலையத்துக்கு எதிரே வாழைக்காய் சுட்டு, வறுத்த நிலக்கடலையோடு விற்கிறேன். நான் குடியிருக்கிற வீட்டில் நடு முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம். என் கதவுக்கு நேர் எதிர்க்கதவு ஃபோரிவாவுடையது. அவள் வீட்டில் தும்மினால் என் வீட்டில் கேட்கும். ஆகவே நான் சொல்வது எதுவும் யாரோ சொல்லிக் கேட்டதில்லை.

ஃபோரிவாவின் புருஷன் அம்போன்சா செம்பனை மரமேறி. விடிந்ததும் அரிவாளோடு போய்க் குலைகளை வெட்டிப் போடுவான். ஓடைக்கரையில் எண்ணெய்க் களம் இருக்கிறது. குலையைக் கொத்தி, பழம் தானாக உதிர்வதற்கு வாழை இலை போட்டு மூடி வைத்து, உதிர்ந்ததைப் பீப்பாயில் வேகவைத்து, இடித்து, பிழிந்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கிறதை வழித்தெடுக்க வேண்டும். இதில் வேகவைப்பதிலிருந்து வழிப்பது வரை ஃபோரிவாவின் வேலை. பழச் சக்கையையே அடுப்பில் போட்டு எரிப்பதால் புகை கண்ணைப் பிடுங்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் தலைத்துணியிலிருந்து குதிகால் வரை எண்ணெய்தான். அவள் காய்ச்சும் எண்ணெயில் லேசான கருகல் வாசம் இருக்கும். அதைப் பிடித்தவர்கள் தேடி வருவார்கள்.

எண்ணெயை மொத்தமாக வாங்குகிறவள் அம்போன்சாவின் அக்கா அசாபியா. சந்தையில் எண்ணெய் விற்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் ராணி. எந்தப் பெண் எங்கே உட்கார வேண்டும், என்ன விலை சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து வர வேண்டும். எங்கள் பக்கத்தில் புருஷனுடைய அக்காவும் ஒரு புருஷன்தான். அவள் தம்பி பெண்டாட்டியைப் 'பொண்டாட்டி' என்றே கூப்பிடலாம், வேலை ஏவலாம், கேலி பண்ணலாம். அசாபியா இந்த உரிமையில் ஒரு துளியும் மிச்சம் வைக்கமாட்டாள்.

"என் பொண்டாட்டி காய்ச்சுன எண்ணெய் இன்னைக்கும் செத்த மூஞ்சியாத்தான் இருக்கு" என்பாள், விரலை விட்டு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு. "இத எவ வாங்குவா? பாசத்துக்காக நான் எடுத்துக்கிறேன்."

"பாசத்துக்கு வெலயக் கொறைக்காம எடுத்துக்கலாமே, புருஷா" என்பாள் ஃபோரிவா.

"புருஷன எதுத்துப் பேசுற பொண்டாட்டிக்கு இந்த வெலதான்."

எல்லோரும் சிரிப்போம். அந்த எண்ணெய் அசாபியாவின் கொட்டகைக்குள் போகும், இரண்டு நாள் கழித்துச் சந்தையில் ரத்தமாக வந்து நிற்கும். பழம் பார்த்துத் தனியாகக் காய்ச்சிய உயர்ந்த எண்ணெய் என்று சொல்லி விற்பாள். சாயம் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நமக்குத் தெரிந்தவர்கள் கலக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தெரியாது.

ஃபோரிவாவுக்கு ஒரே மகள், கோனாது. செவ்வாய்க்கிழமை பிறந்தவள். வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி. என் அடுப்பருகே வந்து உட்கார்ந்து, வாங்க வருகிறவர்களிடம் "அந்தக் காய் இன்னும் வேகல, இத எடுங்க" என்று எனக்கே வியாபாரம் சொல்லிக்கொடுப்பாள். அவளுக்கு ஏழு வயது நிறைந்த அன்று அசாபியா எத்தோ கொண்டுவந்தாள்.

எத்தோ என்பது வேகவைத்து மசித்த வள்ளிக்கிழங்கு. அதில் செம்பனை எண்ணெய் விட்டுப் பிசைந்து மேலே அவித்த முட்டை வைப்போம். பிறந்தநாளைக்கும், நோயிலிருந்து எழுந்தாலும், விபத்தில் தப்பினாலும் அதை வைத்து நம் க்ராவுக்கு நன்றி சொல்வது வழக்கம். க்ரா நம்மோடு கூடவே பிறந்த உயிர். அதன் மனம் கோணினால் உடம்பு கோணும். பிள்ளைக்கு ரத்தமும் குலமும் அம்மா வழி, க்ரா அப்பா வழி. ஆகவே க்ராவுக்குப் படைப்பதெல்லாம் அப்பா வீட்டிலிருந்துதான் வரவேண்டும். கிழங்கு, முட்டை, எண்ணெய் எதிலும் அம்மா கை படக்கூடாது. படைப்பது கண்ணுக்கு அழகாகவும் இருக்க வேண்டும். அசாபியா தன் கடையிலேயே அதிகம் சிவந்த எண்ணெயை விட்டுப் பிசைந்திருந்தாள். தட்டில் சூரியன் இறங்கியது மாதிரி இருந்தது.

கோனாது தின்றாள். கை கழுவுவதற்குள் உதடு தடித்துவிட்டது. சாயங்காலத்துக்குள் தானாக வடிந்தது. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்தமுறை அவளுக்கு மலேரியா வந்து தேறியபோது. க்ராவுக்கு நன்றி சொல்ல வேண்டுமே, மறுபடியும் எத்தோ. இந்தமுறை உடம்பெல்லாம் தடிப்பு, கண் இரண்டும் மூடிக்கொண்டன. இரவெல்லாம் சொறிந்து சொறிந்து ரத்தம் வந்தது. அசாபியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"பாத்தியா? தெனம் இதே கெழங்கத் திங்கிறா, முட்ட திங்கிறா, உன் எண்ணெயில செஞ்ச கொழம்புல ஃபூஃபூ உருண்டைய முக்கி முக்கித் திங்கிறா. ஒண்ணும் ஆகல. க்ராவுக்கு வெச்சத் தின்னா மட்டும் வீங்குது. அப்ப என்ன அர்த்தம்? க்ரா வேண்டாம்னு தள்ளுது. வீட்டுல யாரோ அது மனசு நோகப் பண்ணியிருக்கீங்க."

"நாங்க என்ன பண்ணோம் அண்ணி?" ஃபோரிவாவுக்குக் கேலி பேசத் தோன்றாவிட்டால் அவளை அண்ணி என்பாள்.

"நான் இன்னும் பேரு சொல்லலயே. நீ ஏன் பதறுற?"

அது ஊருக்குப் போதுமாக இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் ஃபோரிவாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். களத்தில் அவளோடு பழம் உதிர்க்கிற ஒருத்தி, இவள் கல்யாணத்துக்கு முன் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பதை நினைவுபடுத்தி எடுத்தாள், கோனாதுவின் அப்பா வேறு யாரோ என்கிற மாதிரி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கோனாதுவை 'க்ராவே கைவிட்டவள்' என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் அவள் என் அடுப்பருகே உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததேயில்லை.

"மான்சா அக்கா, எங் க்ராவுக்கு என்னப் புடிக்கலேன்னா அது வேற ஆளுகிட்ட போயிருமா?"

"எவ சொன்னா?"

"எல்லாரும்."

அன்று நான் வாழைக்காயைக் கருக்கிவிட்டேன். ஒரு குழந்தை தன் உயிரே தன்னை வெறுக்கிறது என்று நம்பிக்கொண்டு நடமாடினால், அடுப்பைப் பார்த்துக்கொண்டா இருக்க முடியும்?

அந்த வெயில் காலத்தில் அம்போன்சா வீட்டார் கூடிப் பேசி, க்ராவை முறையாகக் குளிப்பாட்டிச் சமாதானம் செய்வது என்று முடிவெடுத்தார்கள். கோனாதுவை ஓடைக்குக் கூட்டிப்போய் இலை தோய்த்த நீரில் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, முற்றத்து நடுவில் முக்காலியில் உட்கார வைத்தார்கள். அசாபியாவும் வெள்ளை உடுத்தி வந்தாள். குறை சொல்லக்கூடாது, அன்று அவள் உண்மையாகவே அழுதாள். தம்பி மகள் மேல் அவளுக்குப் பிரியம்தான்.

"போன தடவ எண்ணெய் போதல போல. அதான் க்ரா ஏத்துக்கல" என்று சொல்லிப் பெரிய தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தாள். விரலால் அள்ளினால் எண்ணெய் சொட்டியது.

கோனாது வாயை மூடிக்கொண்டாள். "வேணாம் அத்தை. அரிக்கும்."

"அப்படிச் சொல்லாத. அது காதுல விழும். தின்னு, எஞ் செல்லம்."

அப்பா, "தின்னும்மா" என்றான். ஃபோரிவா சுவரோரமே நின்றாள். வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவளுக்கு இல்லை. பிள்ளை எல்லோருடைய முகத்தையும் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது.

நாலு வாய்தான். அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். குரல் மாறியது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். முகம் இருந்த இடத்தில் வேறொரு முகம் இருந்தது. கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் க்ராவின் பேரைச் சொல்லிக் கெஞ்ச ஆரம்பித்தார்கள். நான் போட்ட கூச்சலில் தெருவுக்கு எதிர்ப்புறம் குடியிருக்கும் சுமை வண்டிக்காரன் மூன்று சக்கர வண்டியைத் திருப்பினான். வண்டித் தட்டில் படிந்திருந்த சிமெண்டு தூசிக்கு நடுவில் ஃபோரிவா மகளை மடியில் போட்டுக்கொண்டாள். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

மருத்துவ நிலையத்தில் இருந்த நர்ஸ் கேள்வி கேட்காமல் முதலில் தொடையில் ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் குறைந்தது. அதற்கப்புறம்தான் அவள் உட்கார்ந்தாள்.

"எத்தனாவது தடவ இது?"

ஃபோரிவா சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் கூடிக்கிட்டே வந்திருக்கு. அடுத்த தடவ இங்க வந்து சேர மாட்டா. புரியுதா? ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்கல. என்ன குடுத்தீங்க?"

"கெழங்கு, முட்ட, எண்ணெய். எல்லாம் தெனம் திங்கிறதுதான் மேடம்."

நர்ஸ் யோசித்தாள். "அப்ப எனக்குத் தெரியல. ஆனா ஒண்ணு, க்ரா கோவிச்சா இப்படித் தடிப்பு வராது. வெளியிலேர்ந்து எதுவோ உள்ள போயிருக்கு. அது என்னன்னு கண்டுபுடிங்க. அதுவரைக்கும் வீட்டுச் சோத்தத் தவிர எதையும் குடுக்காதீங்க."

மருத்துவ நிலையத்திலிருந்து திரும்பியதும் ஃபோரிவா துணி துவைத்தாள். களத்தில் கட்டுகிற தலைத்துணி, பாவாடை, கோனாது சுற்றியிருந்த வெள்ளைத் துணி எல்லாம் முற்றத்துக் கொடியில் தொங்கின. எண்ணெய் காய்ச்சும் ஊரில் பிறந்தவர்களுக்கு ஒன்று தெரியும். செம்பனைக் கறையைச் சோப்பு எடுக்காது, வெயில் எடுக்கும். துவைத்துக் காயப்போட்டால் மஞ்சள் மங்கி மங்கி ஒருநாள் இருந்த இடமே தெரியாது. அதனால்தான் எண்ணெய்க்காரிகள் துணியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வாழைக்காய்க் கூடையை இறக்கிவைக்க வந்தபோது ஃபோரிவா கொடியடியில் நின்றுகொண்டிருந்தாள். களத்திலிருந்து வந்து இன்னும் கையிலிருந்த சாம்பலைக்கூடக் கழுவவில்லை.

"அக்கா, இங்க வாயேன். இதப் பாரு."

தலைத்துணியில் வாரக்கணக்கில் ஊறிய எண்ணெய் வெளுத்து வைக்கோல் நிறமாகியிருந்தது. வெள்ளைத் துணியில் அந்த நாலு வாய் எத்தோவில் சிந்திய சொட்டுகள் அப்படியே இருந்தன. துவைத்த தண்ணீர் பட்ட இடமெல்லாம் ரோஜா நிறத்தில் பரவியிருந்தது.

"இன்னொரு நா வெயில்ல போடு" என்றேன்.

"மூணு நாளா போட்டிருக்கேன். சொல்லாமத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்." அவள் துணியை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "இது எண்ணெய்க் கறை இல்ல. துணிக்குப் போடுற சாயம். எம் மக வயித்துக்குள்ள துணிச் சாயத்த ஊத்தியிருக்கா."

அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். என் வாயில் வந்ததை இங்கே எழுதினால் அச்சுக்காரர் வேலையை விட்டுப் போய்விடுவார்.

அம்போன்சா வந்ததும் ஃபோரிவா துணியை அவன் மடியில் போட்டாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா அப்படிச் செய்யாது."

"வெளியூர் லாரிக்கு யாரு செவப்பு எண்ணெய் ஏத்துறா? நான் காய்ச்சுற பழுப்பு எப்படி உங்க அக்கா கொட்டகையில வயசுக்கு வருது?"

"எல்லாரும்தான் கலக்குறாங்க. யாரு செத்தா? என்ன வளத்தது அவ, ஃபோரிவா. நான் போயி அவ மொகத்தப் பாத்து இதக் கேக்க முடியுமா?"

"மக மொகத்தப் பாக்க முடிஞ்சுதுல்ல? பலூன் மாதிரி வீங்கிக் கெடந்துச்சே, அதப் பாக்க முடிஞ்சுதுல்ல?"

அவன் அரிவாளை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தான். தீட்ட வேண்டிய அவசியமே இல்லை. அது ஏற்கெனவே கூர்மையாகத்தான் இருந்தது.

சந்தை நாளன்று ஃபோரிவா களத்துக்குப் போகவில்லை. முதலில் அசாபியாவின் வீட்டுக்குப் போனாள். தம்பி பெண்டாட்டி வந்து அடுப்படியில் நுழைந்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். சாவு வீடு, கல்யாண வீடு என்று அந்த அடுப்படியில் அவள் சமைக்காத நாளில்லை. கதவுக்குப் பின்னால் அசாபியா தன் வீட்டுச் சமையலுக்கு வைத்திருக்கும் போத்தல் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெள்ளைத் துணி என் கையில். நான் அன்று வியாபாரத்துக்கு விடுமுறை விட்டிருந்தேன்.

அசாபியாவின் கடையில் கேன்களும் போத்தல்களும் வெயிலில் பளபளத்தன. லாரிக்காரர்கள் இரண்டு பேர் ருசி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பொண்டாட்டி சந்தைக்கே வந்துட்டாளா" என்றாள் அசாபியா. "புள்ள எப்படி இருக்கு?"

ஃபோரிவா துணியை வாங்கிக் கடைமேல் விரித்தாள். "இது அன்னைக்கு அவ கட்டியிருந்தது. துவச்சு, வெயில்ல போட்டும் இப்படி இருக்கு. இது என்னன்னு சொல்லுங்க அண்ணி."

அசாபியா ஒரு கணம்தான் தடுமாறினாள். ராணி என்றால் சும்மாவா. பக்கத்துப் போத்தலைத் திறந்து கைநிறைய ஊற்றி, எல்லோரும் பார்க்க மடக்கென்று குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. எனக்கு என்ன ஆச்சு? ஊரே திங்குது. அக்ரா திங்குது. உன் மகளுக்கு மட்டும் தொண்ட அடைச்சா அது எண்ணெயோட கொறையா, உன் மகளோட கொறையா?"

கூட்டம் தலையாட்டியது. இதுதான் எனக்குப் பொறுக்காதது. நூறு பேர் தின்று ஏப்பம் விட்டால், நூற்றொன்றாவது ஆள் மூச்சு முட்டிச் சாவது அவளுடைய குற்றமாகிவிடுகிறது. சாயம் உத்தமன், பிள்ளையின் தொண்டைதான் திருடன். நான் வாயைத் திறக்கப் போனேன். ஃபோரிவா என் கையைப் பிடித்தாள்.

இடுப்பிலிருந்த போத்தலை எடுத்து, சிவந்த போத்தல்களுக்கு நடுவில் வைத்தாள். மங்கலான பழுப்பு. அவ்வளவு பளபளப்புக்கு நடுவில் அது அழுக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"இது உங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி இருந்துச்சு. மோந்து பாருங்க, கருகல் வாசம் வரும். நான் காய்ச்சுனது. செத்த மூஞ்சின்னு வெல கொறச்சு வாங்குனீங்களே, அது. அந்தச் செவப்பு அவ்வளவு நல்லதுன்னா, உங்க வீட்டுக் கொழம்புல ஏன் ஊத்தல?"

 வரிசையில் உட்கார்ந்திருந்த எண்ணெய்க்காரிகள் குனிந்து தங்கள் சரக்கைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் கேன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு போத்தல் இருக்கும். எல்லார் வீட்டிலும் இருக்கும். லாரிக்காரர்கள் மட்டும் தங்களுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். அங்கேயும் சிவப்பைத்தான் கேட்டார்கள்.

அசாபியா ஃபோரிவாவின் தோளில் கைபோட்டுக் கடைக்குப் பின்னால் இழுத்தாள். நான் விடவில்லை, கூடவே போனேன்.

"சத்தியமாச் சொல்றேன், புள்ளைக்கு இது ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. இனிமே அவளுக்கு மட்டும் என் வீட்டு எண்ணெயே தர்றேன். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க. துணிய மடிச்சு உள்ள வெய்யி. நம்ம வீட்டு விஷயம் இது."

"அவளுக்கு மட்டுமா?" ஃபோரிவாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "பள்ளிக்கூடத்து வாசல்ல அவிச்ச பயறு வாங்கித் தின்னா அதுல உங்க எண்ணெய். கல்யாண வீட்டுல தின்னா உங்க எண்ணெய். நான் செத்தா எஞ் சாவு வீட்டுல அவளுக்குப் போடுற சோத்துலயும் உங்க எண்ணெய்தான். ஒரு போத்தலத் தூக்கிக்கிட்டு எத்தன வருஷம் அவ பின்னாடி ஓடுவேன்? க்ரா வெறுக்குதுன்னு சொன்னீங்களே. ஏழு வயசுப் புள்ளகிட்ட, உன் உயிருக்கே உன்னப் புடிக்கலேன்னு சொன்னீங்களே. உங்களுக்குச் சாயப் பொடியப் பத்தித் தெரியும். தெரிஞ்சும் எம்மேல பழி போட விட்டுட்டு நின்னீங்க."

"அதுவும் இதுவும் ஒண்ணுன்னு நான் நெனைக்கலடி."

"நெனைக்க வேணாம்னு இருந்தீங்க. இனிமே நான் உங்க பொண்டாட்டி இல்ல. எண்ணெய் காய்ச்சுற ஃபோரிவா. உங்களுக்குக் காய்ச்ச மாட்டேன்."

அந்த வார்த்தை சாதாரணமானதல்ல, உறவையே அறுக்கிற வார்த்தை. அசாபியாவின் கை ஃபோரிவாவின் தோளிலிருந்து இறங்கியது.

விஷயம் அம்போன்சாவின் குடும்பப் பெரியவர் ஒபிரியிடம் போனது. அவர் இரண்டு பக்கமும் கேட்டார், துணியைப் பார்த்தார், போத்தலை முகர்ந்தார். சாயத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய வீட்டுச் செலவுக்கும் சந்தையிலிருந்து பணம் வருகிறது. ஆனால் ஒரு க்ராவின் மேல் பொய்ப் பழி விழுந்திருக்கிறது, பழி போட்டவள்தான் முட்டையும் கிழங்கும் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அசாபியா எழுந்து போய்விட்டாள். எண்ணெய் ராணி, ஒரு வாண்டின் முன்னால் தலை குனிவதா.

அவள் வரமாட்டாள் என்று நான் பந்தயமே கட்டினேன். தோற்றேன். செவ்வாய்க்கிழமை, கோனாதுவின் க்ராவுக்குரிய நாள், வெயில் ஏறுவதற்குள் அவள் வெள்ளை உடுத்தி முற்றத்தில் வந்து நின்றாள். தலையில் பாத்திரம், அதில் கிழங்கும் முட்டையும். ஆறு குடித்தனமும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தது. அம்போன்சா அக்காவுக்கு முக்காலி போட்டான். அவள் உட்காரவில்லை. எங்கள் கண் முன்னால் மண்டியிட்டாள்.

"கோனாதுவோட க்ரா, நான் தப்புப் பண்ணிட்டேன். உன்மேல சொன்னதெல்லாம் பொய். நீ இந்தப் புள்ளயோடயே இருக்கணும். என்ன மன்னிக்கணும்."

ஃபோரிவாவின் முகம் இளகியதைப் பார்த்தேன். அம்போன்சா கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானே கொஞ்சம் மூக்கை உறிஞ்சினேன், அதற்காக இன்றுவரை என்மேல் எனக்கு எரிச்சல்தான். அசாபியா எழுந்து, துணியில் சுற்றிவைத்திருந்த போத்தலை எடுத்து மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எங்க வீட்டு எண்ணெய். நீ காய்ச்சுனதுதான்."

வெயில் அதன்மேல் பட்டது. ஃபோரிவா வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் காய்ச்சுனது இந்த நெறம் இல்லயே."

"அதேதான்."

"பொடி போட்டீங்களா?"

அசாபியா சுற்றிலும் பார்த்தாள். எங்கள் யாருக்கும் புரியாத ஏதோ ஒன்றை எங்களுக்கு விளக்க வேண்டியிருப்பது மாதிரி இருந்தது அவள் முகம்.

"ஒரே ஒரு சிட்டிக. கலக்குனதே தெரியாது. பின்ன, க்ராவுக்கு முன்னாடி அந்த அழுக்குத் தண்ணியக் கொண்டாந்து வெக்க முடியுமா? என்னப் பத்தி அது என்ன நெனைக்கும்?"

அம்போன்சா சிரித்தான். அப்படியொரு சிரிப்பை யாரும் சிரிக்கக் கூடாது. பிறகு முற்றத்து நடுவிலேயே உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். ஃபோரிவா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை போத்தலைப் பிடுங்கி எறியப் போகிறதா, அசாபியாவின் கழுத்துக்குப் போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது நடந்தாலும் நான் தடுத்திருக்கமாட்டேன்.

உள்ளே இருந்த கோனாது அம்மாவின் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். கழுத்தில் சொறிந்த தழும்புகள் இன்னும் ஆறவில்லை. போத்தலைத் தொடாமல் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள்.

"எங் க்ரா கண்ணால சாப்பிடாது அத்தை. என் வாயாலதான் சாப்பிடும்."

அசாபியாவின் நீட்டிய கைகள் அப்படியே நின்றன.

"முட்டைய வெச்சிட்டு, எண்ணெய எடுத்துக்கிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு அவள் பாத்திரத்திலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். அவித்ததுதான். வாசற்படியில் உட்கார்ந்து அதைத் தட்டி, ஓட்டை உரிக்க ஆரம்பித்தாள்.